எல்வர்: குஞ்சுக்குப் பயணத்தின் பெயர் வந்த விதம்

விலாங்கு மீனின் குஞ்சை ஆங்கிலத்தில் 'எல்வர்' என்பார்கள். ஏழு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். எடை ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்குதான். கிலோவுக்கு ஏறக்குறைய 3,000 குஞ்சு நிற்கும். கடலிலிருந்து ஆற்றுவாய்க்கு வந்து சேரும்போது உடம்பில் நிறமே இருக்காது. முதுகெலும்புக் கோடும், இரண்டு கறுப்புப் புள்ளிகளாகக் கண்களும் மட்டும் தெரியும். நன்னீரில் சில வாரங்கள் கழிந்த பிறகுதான் மேனி கறுக்க ஆரம்பிக்கும்.

நம் வழக்கில் மீன்குஞ்சுக்குப் பெயர் சொல்வது சுலபம். தாயின் பெயரோடு 'குஞ்சு' என்று சேர்த்துவிட்டால் போதும்: விரால் குஞ்சு, கெண்டைக் குஞ்சு. ஆங்கிலத்திலும் பொதுப்பெயர்கள் உண்டு. பொரித்த புதிதில் 'ஃப்ரை', விரல் நீளம் வந்ததும் 'ஃபிங்கர்லிங்'. நம் மீன்வளத் துறை அறிவிப்புகளில் வரும் 'விரலிகள்' இந்த இரண்டாவதின் தமிழாக்கம். ஃப்ரை என்றதும் மீன் வறுவல் நினைவுக்கு வரும், ஆனால் இரண்டுக்கும் உறவில்லை. வறுவல் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. குஞ்சைக் குறிக்கும் சொல்லை, விதை என்று பொருள்படும் பழைய நார்ஸ் மொழிச் சொல்லோடு சிலர் இணைக்கிறார்கள். மீன்சினையைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லோடு வேறு சிலர் இணைக்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் பிறப்பைச் சொல்லும் பெயர்தான்.

எல்வர் அந்த வரிசையில் சேராது. சிறியது, பிஞ்சு, பிறந்தது, பொரித்தது என்கிற பொருள் எதுவும் அதில் கிடையாது. பிரித்துப் பார்த்தால் கிடைப்பது 'விலாங்கு' என்பதும் 'போக்கு' என்பதும்தான்.

சொல்லின் பழைய வடிவம் 'ஈல்-ஃபேர்'. ஈல் என்றால் விலாங்கு. ஃபேர் என்பது பழைய ஆங்கிலத்தில் போவது, பயணிப்பது என்ற பொருளுள்ள வினையின் வழி வந்த பெயர்ச்சொல். இதன் சொந்தக்காரர்கள் நமக்கு ஏற்கெனவே பழக்கமானவர்கள்தான். கல்லூரிக் கடைசி ஆண்டில் நடக்கும் 'ஃபேர்வெல்' அந்த வினையிலிருந்து வந்தது. நல்லபடியாகப் போய் வா என்பதே அதன் நேர்பொருள். பஸ் கட்டணத்தை 'ஃபேர்' என்கிறோமே, அதுவும் இதுதான். பயணத்தைக் குறித்த சொல் பயணத்துக்குக் கொடுக்கும் காசைக் குறிக்க வந்துவிட்டது. ஆற்றைக் கடக்கும் 'ஃபெர்ரி', நார்வேயின் 'ஃபியோர்டு' எல்லாம் இன்னும் கொஞ்சம் தள்ளிய பங்காளிகள்.

ஆக, ஈல்-ஃபேர் என்பது முதலில் ஒரு மீனின் பெயரே இல்லை. வசந்த காலத்தில் விலாங்குக் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாக ஆற்றில் மேலேறிப் போகும் நிகழ்ச்சிக்கு அது பெயர். பிறகு நிகழ்ச்சியின் பெயர், அதில் போகிற குஞ்சுக்கே ஆகிவந்தது. எட்டாம் ஹென்றி காலத்தில், 1530-களில், மீன்குஞ்சுகளைப் பிடித்து அழிப்பதற்கு எதிராக இங்கிலாந்தில் ஒரு சட்டம் போட்டார்கள். அதிலேயே இந்தச் சொல் விலாங்குக் குஞ்சுகளுக்குப் பெயராக நிற்கிறது. அப்போதே பொருள் மாறி முடிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

'ஃபேர்' எப்படி 'வர்' ஆனது? இங்கிலாந்தின் தெற்கிலும் தென்மேற்கிலும் பேச்சில் 'ஃப' ஒலி 'வ' என்று மாறுவது பழைய வழக்கம். பொது ஆங்கிலத்திலும் அந்தப் பேச்சின் தடயங்கள் இரண்டு மூன்று தங்கிவிட்டன. நரிக்கு 'ஃபாக்ஸ்' என்று பெயர். பெண் நரிக்கு மட்டும் 'விக்ஸன்'. பெரிய தொட்டியைக் குறிக்கும் 'வாட்', கூரைமேல் காற்றடிக்கும் திசை காட்டும் 'வேன்' ஆகியவையும் ஒரு காலத்தில் 'ஃப'வில் தொடங்கியவையே. இதே வழியில் ஈல்-ஃபேர் 'ஈல்-வேர்' ஆகி, வாயில் தேய்ந்து, 17-ஆம் நூற்றாண்டில் எல்வர் என்று எழுத்தில் நிலைபெற்றது. தேம்ஸ் கரையில் மட்டும் ஈல்-ஃபேர் என்ற முழு வடிவம் 19-ஆம் நூற்றாண்டு வரை புழக்கத்தில் இருந்தது. தேய்ந்த வடிவமே வென்றதற்கு ஒரு காரணம் சொல்லலாம். எல்வரைப் பிடித்து, விற்று, சமைத்து, அதைப் பற்றி ஓயாமல் பேசிய ஊர்கள் செவெர்ன் ஆற்றை ஒட்டிய மேற்குப் பகுதியில்தான் இருந்தன. அந்த வட்டாரத்துப் பேச்சே சொல்லின் உருவத்தைத் தீர்மானித்தது என்று எனக்குப் படுகிறது.

அந்த ஊர்வலம் உண்மையில் எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி உண்டு. 1832-இல் லண்டனுக்கு மேற்கே கிங்ஸ்டனில், ஒரு மருத்துவர் தேம்ஸ் கரையில் நின்று எண்ணிப் பார்த்திருக்கிறார். ஓர் இடத்தைக் கடந்து நிமிடத்துக்கு 1,600 முதல் 1,800 குஞ்சுகள் போயினவாம். கரையை ஒட்டியே அறுபடாத ஒரு பட்டையாக, மணிக்கணக்கில், நாள்கணக்கில் போகும். கரையோரத்துச் சனங்கள் சல்லடையால் அள்ளினால் போதும். நடு ஆற்றில் எதிர்நீரோட்டம் பலமாக இருக்கும் என்பதால் ஓரம் பிடித்து ஏறுவது இந்தக் குஞ்சுகளின் இயல்பு. தடுப்பணை குறுக்கே வந்தால் ஈரப் பாசி படிந்த சுவரில் உடம்பை ஒட்டவைத்துக்கொண்டு செங்குத்தாகவே ஏறும். வட அயர்லாந்தில் பான் ஆற்றில் தடுப்பணைகளின் மேல் வைக்கோல் கயிறு முறுக்கித் தொங்கவிடும் வழக்கம் இருந்தது. குஞ்சுகள் அந்த ஈரக் கயிற்றைப் பிடித்து ஏறி நே ஏரிக்குப் போய்ச் சேரும்.

செவெர்னில் காட்சி வேறு. அங்கே கடலேற்றம் உலகிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. உச்சத்தில் ஏற்றத்துக்கும் வடிதலுக்கும் சுமார் 14 மீட்டர் வரை வித்தியாசம் இருக்கும். சென்னைக் கடற்கரையில் அது ஒரு மீட்டரை ஒட்டித்தான் இருக்கிறது என்பதோடு வைத்துப் பார்த்தால் அளவு புரியும். விலாங்குக் குஞ்சு இந்த ஏற்றத்தைக் கெட்டிக்காரத்தனமாகப் பயன்படுத்துகிறது. தண்ணீர் உள்ளே வரும்போது மேலெழுந்து அதோடு மிதந்து வரும். தண்ணீர் வடியத் தொடங்கினால் அடித்தரைக்குப் போய்ப் பதுங்கிக்கொள்ளும். அடுத்த ஏற்றத்துக்கு மறுபடி எழும். இப்படித் தன் பலத்தைச் செலவழிக்காமலேயே பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிடும். அதனால்தான் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றங்களின்போது, இரவில், மார்ச் முதல் மே வரை செவெர்ன் கரையில் விளக்கோடு ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். மரச்சட்டத்தில் மெல்லிய துணி கட்டிய, நீண்ட கைப்பிடி உள்ள வலையை ஆற்றோரத்தில் அமிழ்த்தித் தூக்குவார்கள். பிடித்ததைப் பன்றி இறைச்சிக் கொழுப்பில் வதக்கி, முட்டை உடைத்து ஊற்றிக் கிளறிச் சாப்பிடுவது குளோஸ்டர் பக்கத்து ஏழை வீடுகளின் வசந்தகாலச் சாப்பாடு. சட்டம் இதைத் தடுக்கப் பார்த்தபோது எதிர்ப்பு வந்தது; 1876-இல் எல்வர் பிடிப்பை அனுமதிப்பதற்கென்றே பிரிட்டன் நாடாளுமன்றம் தனிச் சட்டம் நிறைவேற்றியது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். ஒரு குஞ்சுக்கு ஏன் பிறப்பைச் சொல்லாமல் போக்கைச் சொல்லிப் பெயர் வைத்தார்கள்? பிறப்பை யாரும் பார்த்ததில்லை, அதனால்தான்.

கோழி, தவளை, சால்மன் எல்லாவற்றின் முட்டையையும் மனிதன் பார்த்திருக்கிறான். ஆற்றிலும் ஏரியிலும் பிடித்த விலாங்கின் வயிற்றை எத்தனை முறை கிழித்தும் சினை கிடைத்ததில்லை. அரிஸ்டாட்டில் இதைக் கவனித்து, விலாங்கில் ஆணும் இல்லை பெண்ணும் இல்லை, ஈரமண்ணில் தாமாக உண்டாகும் 'பூமியின் குடல்கள்' எனப்பட்டவற்றிலிருந்து அது பிறக்கிறது என்று எழுதிவிட்டார். ரோமானியரான பிளினி, விலாங்குகள் பாறையில் உடம்பைத் தேய்க்கும்போது உதிரும் துணுக்குகள் உயிர் பெறுகின்றன என்றார். இரண்டையும் இன்று படித்தால் சிரிப்பு வரும். ஆனால் கண்ணால் பார்த்ததை மட்டும் வைத்துச் சொன்னால் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? விலாங்கின் இனப்பெருக்க உறுப்புகள் அது ஆற்றில் வாழும் காலம் முழுவதும் வளர்ச்சியடையாமலேயே கிடக்கும். பல ஆண்டுகள், சிலவற்றில் இருபது ஆண்டுக்கு மேலும், அப்படி இருந்துவிட்டு, மேனி வெள்ளியாக மாறி, கண் பெரிதாகி, குடல் சுருங்கி, கடலுக்குக் கிளம்பிய பிறகே அவை முதிர்கின்றன. கிளம்பிய விலாங்கு திரும்பி வருவதில்லை.

1777-இல் இத்தாலியின் பொலோன்யா நகரத்து உடற்கூறியலாளர் கார்லோ மொந்தினி, விலாங்கின் சூலகம் எது என்று சரியாக அடையாளம் காட்டினார். ஆணைக் கண்டுபிடிக்க இன்னும் நூறாண்டு பிடித்தது. 1874-இல் திரியெஸ்தே துறைமுகத்தில் சீமோன் சிர்ஸ்கி என்ற போலந்துக்காரர், இதுதான் விந்தகம் என்று ஓர் உறுப்பைச் சுட்டினார். அதைச் சரிபார்க்க 1876-இல் வியன்னாவிலிருந்து ஒரு மாணவரை அனுப்பினார்கள். சுமார் 400 விலாங்குகளை அறுத்துப் பார்த்தும் அவரால் முடிவாக ஒன்றும் சொல்ல இயலவில்லை. அந்த மாணவர் சிக்மண்ட் ஃபிராய்ட். பிற்பாடு மனித மனத்தின் பக்கம் போனார்.

முட்டை தெரியாது, தாய் ஈன்றதைப் பார்த்தவர் இல்லை. ஆனால் வருடம் தவறாமல் ஒரு பருவத்தில் கடல் பக்கமிருந்து கோடிக்கணக்கில் குஞ்சுகள் வந்து ஏறுகின்றன. கரையில் நின்றவனுக்குத் தெரிந்த ஒரே உண்மை அந்த ஏற்றம்தான். பெயரும் அதையே பிடித்துக்கொண்டது. இது ஆங்கிலத்துக்கு மட்டும் நேர்ந்ததில்லை என்பதுதான் எனக்குச் சுவாரசியமாக இருக்கிறது. பிரெஞ்சில் இந்தக் குஞ்சுக் கூட்டத்துக்கு 'மோன்தே' என்று ஒரு பெயர் உண்டு. 'ஏற்றம்' என்று பொருள். இத்தாலியனில் 'மோன்தாத்தா', அதே பொருள். ஜெர்மனில் 'ஷ்டைக்-ஆல்', அதாவது ஏறும் விலாங்கு. பிரெஞ்சுக்கும் இத்தாலியனுக்கும் வேர் ஒன்றுதான். ஆனாலும் நான்கு மொழிகள் மூன்று வெவ்வேறு வேர்களிலிருந்து ஒரே இடத்துக்கு வந்திருக்கின்றன.

வேறு விதமாகப் பார்த்தவர்களும் இருந்தார்கள். பிரான்சில் லுவார் ஆற்றுப் பக்கம் 'சிவெல்', இத்தாலியில் பீசா பக்கம் 'சீயெக்கே'. இரண்டுக்கும் வேர் 'குருடு' என்ற லத்தீன் சொல். மொத்த உடம்பிலும் தெளிவாகத் தெரிவது கண் மட்டுமே என்றிருக்கும் ஓர் உயிருக்குக் குருடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால், பெரிய கும்பலாகச் சட்டியில் பார்த்தார்களே தவிர ஒன்றைத் தனியாக எடுத்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது. ஸ்பெயினில் 'அங்குலா'. நம் அங்குலத்தோடு சம்பந்தமில்லை. லத்தீனின் 'அங்குவில்லா' ஸ்பெயினின் வடக்கே பேசப்படும் பாஸ்க் மொழிக்குள் போய் ஸ்பானியத்துக்குத் திரும்பி வந்த சொல் அது. அங்குவில்லா என்றால் குட்டிப் பாம்பு. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிற பிராணி என்று நாம் சொல்லும் பழமொழியின் பாதியை ரோமானியர்களும் சொல்லியிருக்கிறார்கள்.

தமிழில் விலாங்குக் குஞ்சுக்குத் தனிச்சொல் எழாததில் வியப்பில்லை. நம் ஆறுகளிலும் குளங்களிலும் இருக்கும் விலாங்கு இனங்களும் அதே அங்குவில்லா பேரினத்தைச் சேர்ந்தவை. கடலில் பிறந்து ஆற்றில் வளர்ந்து மறுபடி கடலுக்கே போகின்றன. ஆனால் தேம்ஸில் நடந்தது போன்ற, ஊரே சல்லடையோடு இறங்கும் அளவிலான ஏற்றம் நம் பக்கம் பேசப்பட்டதில்லை. தொல்காப்பியத்தின் மரபியல் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று ஒன்பது இளமைப் பெயர்களைச் சொல்லி, எதை எதற்கு வழங்கலாம் என்றும் வகுக்கிறது. பறப்பவைக்குப் பார்ப்பும் பிள்ளையும்; தவழ்பவைக்கும் அப்படியே. அதே மரபியல் ஆண்பாற் பெயர் சொல்லும் இடத்தில், கடல்வாழ் சுறாவையும் ஏறு என்னலாம் என்று இடம் கொடுக்கிறது. இளமைப் பெயர்களில் மீனுக்கு அப்படி ஒரு தனிக்கவனம் இல்லை.

திரும்ப ஐரோப்பாவுக்குப் போவோம், ஏனென்றால் கதையின் வினோதமான பகுதி இனிமேல்தான். விலாங்கின் பிறப்பைத் தேடிக்கொண்டிருந்த அதே காலத்தில், விலாங்கின் இன்னும் இளைய குஞ்சு விஞ்ஞானிகளின் புட்டியில் ஏற்கெனவே இருந்தது. வேறு பெயரில், வேறு மீனாக.

இத்தாலிக்கும் சிசிலிக்கும் நடுவிலுள்ள மெசினா நீரிணையில் சுழல்கள் ஆழ்கடல் உயிர்களை மேலே கொண்டுவந்து போடும். அப்படிக் கிடைத்தவற்றில் இலை வடிவத்தில் தட்டையாக, கண்ணாடி போல ஊடுருவித் தெரிவதாக, தலை மிகச் சிறிதாக ஒரு மீன் இருந்தது. இந்த மாதிரி மீன்களுக்கு 'லெப்டோசெஃபாலஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள்; மெல்லிய தலை என்று அர்த்தம். 1856-இல் ஜெர்மானியரான யோகான் யாகோப் கவுப் அதில் ஒரு வகைக்கு 'லெப்டோசெஃபாலஸ் பிரெவிரோஸ்ட்ரிஸ்' என்று முறைப்படி உயிரியல் பெயர் கொடுத்துப் பதிவு செய்தார். தனி இனம் என்றே நம்பினார்.

1890-களில் பத்திஸ்தா கிராஸி, சால்வதோரே கலான்றுச்சோ என்ற இரண்டு இத்தாலியர்கள் அந்த இலைமீனைத் தொட்டியில் வளர்த்துப் பார்த்தார்கள். அகலம் குறைந்தது, உடம்பு உருண்டது, நீளமும் குறைந்தது. வளர வளரச் சிறுத்த அந்தப் பிராணி கடைசியில் எல்வராக நின்றது. இலைமீனின் தசைக்கட்டுகளின் எண்ணிக்கையும் விலாங்கின் முள்ளெலும்புகளின் எண்ணிக்கையும் பொருந்தியதும் சந்தேகம் தீர்ந்தது. இதை 1896-இல் வெளியிட்டார்கள். கவுப் பெயர் வைத்த இனம் அன்றோடு இல்லாமல் போனது. ஆனால் பெயர் சாகவில்லை. இன்று லெப்டோசெஃபாலஸ் என்பது விலாங்கு வகை மீன்களின் முதற்பருவக் குஞ்சுக்குப் பொதுப்பெயர். தனிமீனாக இருந்தது பருவப் பெயராக இறங்கிவிட்டது.

இந்த மாதிரிக் குழப்பம் சால்மனுக்கும் நடந்திருக்கிறது. சால்மனின் குஞ்சு ஆற்றில் இருக்கும்வரை உடம்பில் விரல்தடம் பதிந்தது போன்ற பட்டைகள் இருக்கும். அந்தப் பருவத்துக்குப் 'பார்' என்று பெயர். கடலுக்குக் கிளம்புகையில் வெள்ளியாக மாறினால் 'ஸ்மோல்ட்'. பார் என்பது தனி மீன் என்று நினைத்து அதற்கும் ஓர் உயிரியல் பெயர் கொடுத்திருந்தார்கள். 1830-களில் ஸ்காட்லாந்தில் ஜான் ஷா என்கிற வேட்டைக்காட்டுக் காவலர், குளம் வெட்டி, சால்மன் முட்டையைப் பொரிக்க வைத்து, பார் என்பது சால்மன் குஞ்சுதான் என்று காட்டினார். ஆனால் சால்மன் கதை ஒரே ஆற்றுக்குள் தீர்ந்துவிடுகிற விஷயம். விலாங்குக்குப் பாதி சமுத்திரத்தைத் துழாவ வேண்டியிருந்தது.

துழாவியவர் டென்மார்க்கின் யோகானஸ் ஷ்மித். விலாங்கு மத்தியதரைக் கடலில்தான் முட்டையிடுகிறது என்று கிராஸி நம்பினார். 1904-இல் 'தோர்' என்ற டேனிஷ் ஆய்வுக் கப்பலில் போன ஷ்மித்துக்கு ஃபாரோ தீவுகளுக்கு மேற்கே, திறந்த அட்லாண்டிக்கில், ஓர் இலைக்குஞ்சு கிடைத்தது. நீளம் 77 மில்லிமீட்டர், வளர்ந்து முடிந்த அளவு. அவர் தர்க்கம் எளிமையானது: மேலும் சின்னது எங்கே கிடைக்கிறதோ அந்தத் திசையில் போனால் பிறந்த இடம் வரும். ஏறக்குறைய இருபது ஆண்டு அப்படியே செய்தார். நடுவில் உலகப்போர் வந்தது, ஒரு கப்பல் உடைந்தது, வணிகக் கப்பல்களின் மாலுமிகளிடம் வலை கொடுத்து அரித்துத் தரச் சொன்னார். மேற்கே போகப் போகக் குஞ்சின் நீளம் குறைந்துகொண்டே வந்தது. 1920 முதல் 1922 வரை நடந்த 'டானா' கப்பல் பயணத்தோடு வரைபடம் முழுமையானது. மிகச் சிறிய குஞ்சுகள், பத்து மில்லிமீட்டருக்கும் குறைந்தவை, கிடைத்த இடம் சர்காசோ கடல். பெர்முடாவுக்குத் தெற்கே, சுற்றிலும் கரையே இல்லாமல் நீரோட்டங்களையே எல்லையாகக் கொண்டு, கடற்பாசி மிதக்கும் பரப்பு.

செவெர்னில் வலையில் விழுகிற எல்வர் அங்கிருந்து ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வந்திருக்கிறது. அந்தப் பயணத்துக்கு எவ்வளவு காலம் ஆகிறது என்பதில் இன்னும் ஒத்த கருத்து இல்லை. ஓராண்டுக்குள் என்பவர்களும் உண்டு, இரண்டு மூன்று ஆண்டு என்பவர்களும் உண்டு. 16-ஆம் நூற்றாண்டுச் சட்டத்தில் 'போக்கு' என்று எழுதிய குமாஸ்தாவுக்கு இதெல்லாம் தெரிய வாய்ப்பே இல்லை. அவர் ஆற்றில் தெரிந்த கடைசிக் கொஞ்சத் தூரத்தைத்தான் சொன்னார். இருந்தாலும் அறிவியல் பெயர் தந்தவர்களும் தத்துவ ஞானிகளும் தடுமாறிய இடத்தில், கரையோரத்துப் பெயர் திருத்தமே தேவைப்படாமல் நின்றுவிட்டது.

தாய் விலாங்கு சர்காசோவுக்குப் போய்ச் சேர்வதை நேரடியாகக் காட்டும் ஆதாரம் 2022-இல்தான் வெளியானது. அசோர்ஸ் தீவுகளில் பிடித்த விலாங்குகளின் மேல் செயற்கைக்கோளுக்குத் தகவல் அனுப்பும் கருவியைக் கட்டி விட்டுப் பார்த்தார்கள். ஆனாலும் ஐரோப்பிய விலாங்கின் முட்டையை அந்தக் கடலில் எடுத்தவர் இன்னும் இல்லை. ஜப்பானிய விலாங்கின் விஷயத்தில் ஜப்பானியர்கள் முந்திக்கொண்டார்கள்: கட்சுமி சுகமோட்டோவின் குழு 2009-இல் மரியானா தீவுகளுக்கு மேற்கே, கடலிலேயே, முட்டைகளை எடுத்தது.

சொல்லுக்கு இன்று வந்திருக்கும் சிக்கல் வேறு. நிறமற்ற பருவத்தைக் 'கிளாஸ் ஈல்', அதாவது கண்ணாடி விலாங்கு என்றும், நிறம் ஏறிய பிறகே எல்வர் என்றும் ஆய்வாளர்கள் பிரிக்கிறார்கள். செவெர்ன் மீன்பிடிப்பவர்கள் இந்தப் பிரிவினையைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அவர்கள் வலையில் வருவதெல்லாம் எல்வர்தான். சட்டம் எழுதுகிறவர்கள் இரண்டு பெயரையும் நம்பாமல் அளவுகோலை எடுத்தார்கள். 2007-இல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த விலாங்குப் பாதுகாப்பு விதிமுறை '12 சென்டிமீட்டருக்குக் குறைந்த விலாங்கு' என்றே பேசுகிறது. அந்த அளவில் பிடிப்பதில் 60 சதவீதத்தை வேறு ஆறுகளில் விட்டு வளர்க்க ஒதுக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

இவ்வளவு கறாராக இருக்கக் காரணம் உண்டு. 1980-களிலிருந்து ஐரோப்பாவுக்கு வரும் குஞ்சுகளின் வரவு சரிந்துவிட்டது. 1960-க்கும் 1979-க்கும் இடைப்பட்ட சராசரியோடு ஒப்பிட்டால் இன்று வட கடல் கரைகளுக்கு வருவது ஒன்றிரண்டு சதவீத அளவுதான். மற்ற இடங்களில் நிலைமை கொஞ்சம் மேல், அவ்வளவே. காரணம் ஒன்றல்ல. தடுப்பணைகள், நீர்மின் சுழலிகள், வற்றிப்போன சதுப்புகள், ஆசிய விலாங்குகளோடு வந்து சேர்ந்து, மிதக்க உதவும் காற்றுப்பையான நீந்துபைக்குள் தங்கி இரத்தம் உறிஞ்சும் ஒரு புழு, மாறும் நீரோட்டங்கள், அதோடு பிடிப்பும். பிடிப்பு நிற்காததற்குக் காரணம் பண்ணைகள். விலாங்கை முட்டையிலிருந்து வளர்த்து ஒரு முழுச் சுற்றை முடிப்பது ஜப்பானிய ஆய்வகத்தில் 2010-இல் சாத்தியமானது. ஆனால் வியாபார அளவில் அது இன்னும் கைகூடவில்லை. அதனால் பண்ணை விலாங்கு என்று தட்டில் வருவது ஏறக்குறைய எல்லாமே கடலிலிருந்து வந்த குஞ்சைப் பிடித்துத் தீனி போட்டு வளர்த்தது.

ஏழை வீட்டுச் சாப்பாடு தங்கத்தின் விலைக்கு எகிறியது இப்படித்தான். பாஸ்க் நாட்டில் மண்சட்டியில் ஆலிவ் எண்ணெய், பூண்டு, மிளகாய் போட்டுச் சுடச்சுடக் கொடுக்கும் அங்குலாவை மர முள்கரண்டியால் சாப்பிடுவார்கள். இன்று அங்கேயே பெரும்பாலானவர்கள் வாங்குவது, 1990-களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்த 'குலா' என்ற போலியைத்தான். மீன்சதையை அரைத்து எல்வர் வடிவத்தில் பிழிந்து, முதுகில் கறுப்புக் கோடு போட்டு விற்கிறார்கள். சொல்லின் தலையை வெட்டி விட்டால் சரக்கும் மலிவாகிவிடுகிறது. அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் சில ஆண்டுகளில் ஒரு பவுண்டு எல்வரின் விலை 2,000 டாலரைத் தாண்டியது. ஐரோப்பிய விமான நிலையங்களில் தண்ணீர்ப் பைகளில் உயிரோடு நிரப்பிய பெட்டிகள் பிடிபடுகின்றன, ஏனென்றால் 2010 டிசம்பரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே ஐரோப்பிய விலாங்கை அனுப்புவதற்கு அனுமதியில்லை.

அந்தத் தடை செவெர்ன்காரர்களையே திருப்பி அடித்தது. பிரிட்டன் ஒன்றியத்தைவிட்டு விலகியதும் அவர்களும் 'வெளியே' உள்ளவர்கள் ஆகிவிட்டார்கள். ஐரோப்பிய ஆறுகளில் விடுவதற்காக அவர்கள் அனுப்பிவந்த எல்வர் வியாபாரம் 2021-இல் முறிந்தது. இங்கிலாந்தில் எல்வர் பிடிக்க இன்றும் கையால் தூக்கும் வலைக்கு மட்டுமே உரிமம் தருகிறார்கள். தடுப்பணைகளின் பக்கவாட்டில், அடர்த்தியான தூரிகை மயிர் பதித்த சரிவுப் பலகைகளை வைத்து, அதன்மேல் தண்ணீர் கசிய விடுவதும் 2009-இல் வந்த விலாங்கு விதிமுறைகளுக்குப் பிறகு பரவலாகியிருக்கிறது. பான் ஆற்று வைக்கோல் கயிறு செய்த வேலையை இப்போது பிளாஸ்டிக் மயிர் செய்கிறது.